பதினேழாம் நம்பர் பூட்டு

முதலாளி வந்து புது மெஷினின் பொத்தானை அழுத்த இன்னும் அரைமணி நேரம்தான். ரசாயனம் கலக்கும் மூன்றாம் ரியாக்டர் தொட்டியின் ஸ்விட்ச் பெட்டியில், காலையில் இல்லாத ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது.

மெயின்டனன்ஸ் மேனேஜர் கமலக்கண்ணன் அதை இழுத்துப் பார்த்தார். போச்சம்பள்ளி தொழிற்பேட்டை வாசலிலிருந்து கேன்டீன்வரை அவர் முகம்தான்: ‘கண்டுபிடிப்பாளர்! தொட்டிக்குள் இனி மனிதன் இறங்க வேண்டியதில்லை!’ சுழன்று தண்ணீர் பீய்ச்சும் ஒரு குழாய்க்குப் பதினாறடி ஃபிளெக்ஸ். இரண்டு வருடம் முன்பு இதே தொட்டிக்குள் மாதப்பன் செத்ததற்கு ஒரு பக்க அறிக்கை.

அதை எழுதியவரும் கண்டுபிடிப்பாளர்தான். தொட்டிச் சுவரில் ஒட்டிய கசடைச் சுரண்ட இறங்குகிறவர் தன் நம்பர் போட்ட பூட்டை ஸ்விட்சில் மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவார். அவர் ஏறிவந்து திறக்கும்வரை உள்ளே கலக்கும் இறக்கை சுற்றாது. ‘மாதப்பன் பூட்டு மாட்டவில்லை’ என்று எழுதியிருந்தார். மாட்டியிருந்தார். ஷிப்ட் முடிந்தும் அது தொங்கியபோது, “வீட்டுக்குப் போயிருப்பான், அறு” என்றவர் இவர். உள்ளிருந்து மூன்று தட்டு கேட்டபோது, “பைப்புல காத்துடா” என்றவரும் இவரே.

ஆபரேட்டர் முனீஸ்வரன் பூட்டைத் தொடாமல் நின்றார்.

“பதினேழுங்க சார். மாதண்ணனோடது.”

“எவனோ வெளையாடறான். அறு.”

“போன தடவயும் நான்தானுங்க அறுத்தன். இந்த வாட்டி நீங்க எறங்கிப் பாத்துட்டு வாங்க.”

“ஆளே எறங்க வேணாம்னுதானய்யா மெஷினு?”

“ஃபிளெக்ஸ்ல படிச்சனுங்க.”

வாசலில் கார் ஹாரன் கேட்டது. கமலக்கண்ணன் பதினேழுக்குப் பக்கத்தில் தன் பூட்டையும் மாட்டிவிட்டு ஏணியில் கால் வைத்தார்.

ஈரத் துருவும் பழைய கரைப்பானும் கலந்த வாடை தொண்டையில் ஒட்ட, மூச்சுவிடும் சத்தமே சுவரில் மோதி நாலு பேர் மூச்சாகத் திரும்பிவர, தலைக்கு மேல் வெளிச்ச வட்டம் தட்டளவாகிக் கிண்ணமளவாகச் சுருங்க, அவர் அடியில் இறங்கி டார்ச்சைச் சுற்றிலும் அடித்தார். இறக்கை. சுவர். யாரும் இல்லை. சிரிப்பே வந்தது.

காலில் ஏதோ இடறியது. சின்னச் சாவி. பதினேழு.

பையிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல் சூடாக இருந்தது.

டார்ச் அணைந்தது. கத்தப் பார்த்தார். குரல் வரவில்லை. சாவியால் சுவரில் தட்டினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

“பைப்புல காத்துடா,” என்றது மேலே ஒரு குரல். அலட்சியமான, பழக்கப்பட்ட குரல். அவருடைய குரல். “வீட்டுக்குப் போயிருப்பான். அறு.”

“செரிங்க சார்,” என்றார் முனீஸ்வரன்.

டக்.

டக்.

இரண்டு பூட்டும்.

இறக்கை மெல்ல வந்து முழங்காலைத் தொட்டது. இருட்டில், அவர் கைக்குப் பக்கத்தில், இன்னொரு கை பொறுமையாகச் சுவரைத் தட்டத் தொடங்கியது.