பதினேழாம் அறை, மதியம் இரண்டு பத்து

மார்லோ மாளிகையில் யாரும் அறைக்குள் பேசுவதில்லை.

பெட்டியைத் தூக்கிவந்த ஊழியர்கூட, சொல்ல வேண்டியதையெல்லாம் வராந்தாவிலேயே சொல்லி முடித்துவிட்டுப் பதினேழாம் அறைக்குள் நுழைந்ததும் வாயைப் பூட்டிக்கொண்டார். சைகையால் பர்மாத் தேக்குக் கட்டிலைக் காட்டினார். அடையாற்றைப் பார்த்த ஜன்னலைக் காட்டினார். கடைசியாகக் குளியலறை. தரை, சுவர், கூரை எல்லாம் பளிங்கு. ஒரு மூலையில் மெத்தை போட்ட பிரம்பு நாற்காலி. குளிக்கிற இடத்தில் நாற்காலி எதற்கு? பணக்காரர்கள் சமாச்சாரம் என்று பொற்கொடி விட்டுவிட்டாள்.

தூத்துக்குடியிலிருந்து உட்கார்ந்தே வந்த அலுப்பு. கணவர் ஞானசேகரன் போன பிறகு சேர்ந்த இரண்டு வருஷ அலுப்பு. அவரோடு குடித்தனம் நடத்திய முப்பத்தாறு வருஷ அலுப்பு. கட்டிலில் உட்கார்ந்ததும் ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வரவேற்பறையில் ஸ்டெல்லா எச்சரித்திருந்தாள். ஸ்டெல்லா அந்த ஹோட்டலின் சுவர்வாசிப்பாளர். ஐம்பது வயது, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி.

"நாளைக்கு மதியம் எந்திரத்தோட வரேன்மா. அதுவரைக்கும் ரூமுக்குள்ள சத்தமே கூடாது. புதுச் சத்தம் பழசு மேல அப்பிக்கும்."

"தும்மல் வந்தா என்ன செய்யதாம்?"

"தலகாணியில மூஞ்ச புதைச்சுக்குங்க."

எல்லாம் சுவர்ச்செவி என்கிற எந்திரம் வந்த பிறகு நடக்கிற கூத்து. அந்தக் காலத்துக் கட்டடங்களில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் தயிரையும் அரைத்துப் பூசியிருந்தார்கள். கண்ணாடி மாதிரி இறுகிய அந்தப் பூச்சு, தன் மேல் பட்ட ஒவ்வொரு சத்தத்தையும் ஏடு ஏடாகப் பிடித்துவைத்திருந்தது. பத்து வருஷங்களுக்கு முன்பு சுவர்ச்செவி அந்த ஏடுகளைப் படித்துக் காட்டியது. சிமென்ட்டுக்கும் கல்லுக்கும் காது கிடையாது. ஆகவே பழைய மாளிகைகளுக்கு யோகம் அடித்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய துரை தன் சமையல்காரனோடு போட்ட சண்டையைக் கேட்க உலகமெங்குமிருந்து கூட்டம் வந்தது.

வந்த பிறகுதான் உறைத்தது: சுவர் இன்றைய ஆட்களையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. தேனிலவுக்கு வந்தவர்கள் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் குறுஞ்செய்தி அனுப்பினார்கள்.

பொற்கொடி வேடிக்கை கேட்க வரவில்லை. அறையில் ஒருவர் இறந்திருந்தால், அவருடைய கடைசி ஒரு மணி நேரத்தைக் குடும்பத்தில் ஒருவர் கேட்கலாம். ஒரே ஒரு தடவை. சட்டம் அப்படி. ஞானசேகரன் இந்தக் கட்டிலில்தான் போனார்.

கப்பல் காப்பீட்டுக் கம்பெனியின் ஆண்டுவிழாவுக்கு வந்தவர். அன்று மதியம் இரண்டு பத்துக்கு அவளுடைய கைப்பேசி அடித்தது. பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் தலையைச் சாய்த்திருந்தாள். திரையில் அவர் பெயர். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கேள்வி இல்லாமல் அவர் கூப்பிட்டதே இல்லை. மாத்திரை எங்கே, சார்ஜர் எங்கே, நீலச் சட்டையை எடுத்து வைத்தாயா. அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணை மூடினாள்.

மூன்றரை மணிக்கு ஹோட்டலிலிருந்து பேசினார்கள். மாரடைப்பு, மூன்றுக்கு முன்பே முடிந்திருக்கும் என்றார்கள்.

அவர் கூப்பிட்டது மாத்திரைக்கா, உயிருக்கா? கவிழ்த்து வைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகள் நித்திலாவிடம்கூட.

ஸ்டெல்லாவுக்காகக் காத்திருந்த அந்த ஒரு நாளும் அறையில் சத்தமில்லாமல் போனது. இட்லி வந்தது, போனது. துண்டு மாறியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பொற்கொடி ஒன்பது மணி நேரம் ஒரேயடியாகத் தூங்கினாள். விழித்தபோது வெட்கமாக இருந்தது. புருஷன் செத்த கட்டில்.

மதியம் ஸ்டெல்லா வந்தாள். இட்லித் தட்டு அளவில் ஒரு கண்ணாடி வட்டு. அதைக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒட்டி, காதுக்குழல் ஒன்றைப் பொற்கொடிக்கு மாட்டினாள். சாட்சிக்காக இன்னொன்றைத் தானும் மாட்டிக்கொண்டாள். தேதியையும் நேரத்தையும் திருகினாள்.

கதவு சாத்தும் சத்தம். ஷூ கழன்று விழும் சத்தம். பிறகு இருமல். அவருடைய இருமல்தான். பொற்கொடியின் கை தானாகவே தண்ணீர்க் கூஜாவைத் தேடியது.

மணி போனது. அவளுடைய கைப்பேசிக்குப் போன மணி. ஒன்று, இரண்டு, மூன்று. எடுடி, என்று அவள் தன்னையே கெஞ்சினாள். எட்டாவது மணியோடு நின்றது.

"அப்பாடா," என்றார் ஞானசேகரன்.

வலி இல்லை. பயமில்லை. இறுக்கமான பெல்ட்டைத் தளர்த்தியவன் குரல்.

"போய்ச் சேந்ததும் கூப்பிடணும்னு சொன்னா. கூப்பிட்டாச்சு. எடுக்கல. நம்ம மேல தப்பில்ல."

சின்னதாக ஒரு சிரிப்பு. கட்டில் கிரீச்சிட்டது. இரண்டு நிமிஷத்தில் குறட்டை. அது மெல்ல மெல்ல இடைவெளி விட்டது. ஒரு இடைவெளிக்குப் பிறகு வரவே இல்லை.

ஸ்டெல்லா வட்டைக் கழற்றினாள். பொற்கொடி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"இங்க பேசுங்கம்மா. இது புதுசா கட்டினது. சிமென்ட்டு."

"நானும் அதத்தாம்மா சொன்னேன்."

"எத?"

"அன்னைக்கு. ஃபோன கவுத்து வச்சிட்டு. அதே வார்த்த." பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையானது. "ரெண்டு வருசமா நான் செத்துட்டிருக்கேன். இந்த மனுசன் நிம்மதியா படுத்திருக்காரு."

ஸ்டெல்லா வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "எல்லா ரூம்லயும் அதான்மா இருக்கு. துரை, துரைசானி, ஜமீந்தாரு, அவங்கவங்க பாஷையில. கதவ சாத்தினதும் மொதல்ல அதான். கெஸ்ட்டுக்குப் போடறப்ப வெட்டிடுவோம். அதக் கேக்கவா இம்மாந்தூரம் வராங்க?"

"இப்ப தங்குதவங்க?"

"யாரும் சொல்றதில்ல. பத்து வருஷ ஏட்டுல உங்க வீட்டுக்காரர் சொன்னத விட்டா ஒண்ணுமே இல்லம்மா, வெறும் ஃபேன் சத்தம். நீங்க இனிமே தாராளமா பேசலாம். நாளைக்கு காலை வரைக்கும் ரூம் உங்களுதுதான்."

அறைக்குத் திரும்பினாள். உட்காரவில்லை, அதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. நித்திலா. குக்கர் கேஸ்கெட் எங்கே என்று கேட்பாள். இல்லாவிட்டால், எப்போது வருகிறாய் என்று.

பொற்கொடி அதை மெத்தையில் கவிழ்த்து வைத்தாள். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

எதிரே சுவர். உரித்த முட்டை மாதிரி வழவழவென்று, பளபளவென்று. காத்துக்கொண்டிருந்தது. தானும் இங்கேயே போய்விட்டால், என்றைக்காவது ஒருநாள் நித்திலா இந்தக் கட்டிலில் உட்கார்ந்து, காதில் குழலை மாட்டிக்கொண்டு, மணிகளை எண்ணுவாள்.

உதட்டைக் கடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்துவிட்டாள். அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். நாற்காலி பழசில்லை, ஆனாலும் மெத்தை குழிந்து போயிருந்தது. கை வைக்கிற இடங்களில் வார்னிஷ் தேய்ந்து பிரம்பு வெளுத்திருந்தது. அவளுக்கு முன்பு எத்தனை பேர்.

"அப்பாடா," என்றாள் பொற்கொடி.

பளிங்கு அதைக் கேட்கவில்லை.