ஐந்து நிமிட இன்ஷூரன்ஸ்

டெலிபோன் அலறியது...

கல்முனை இன்ஷூரன்ஸ் கந்தோரில் காலை எட்டேகாலுக்கு டெலிபோன் எடுக்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. தங்கேஸ்வரிக்கு மட்டும் உண்டு. ஆலையடிவேம்பிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, தானே கதவு திறந்து, தானே கூட்டி, தானே உட்காருகிற ஏஜன்ட் அவள். சர்வீஸ் பதினெட்டு வருடம். வாய்க்கு அதைவிடக் கூட.

"ஹலோ..."

"அக்கா... நான் றுகையா." குரல் நடுங்கியது. "அவர்ர கார் ஆம்பிட்டிரிக்காம். கிட்டங்கி ஆத்துக்குள்ள."

"கார்தானே புள்ள? அதுக்கேன் அழுறாய்?"

"உள்ளுக்கு ஆள் இரிக்காம் அக்கா..."

தங்கேஸ்வரி குடையைக்கூட எடுக்கவில்லை. ரோட்டில் போன ஆட்டோவை மறித்து ஏறினாள்.

2005 மே ஆறாம் திகதி. வெள்ளிக்கிழமை.

கிட்டங்கி, கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கிற தாம்போதி. அதைத் திருத்த வந்த பெக்கோ சேற்றைத் தோண்டியபோது ஒரு வெள்ளைக் காரின் கூரையில் பல் பட்டிருக்கிறது. இழுத்துக் கரையில் போட்டிருந்தார்கள்.

சாரதி ஆசனத்தில் எலும்புக்கூடு.

இரண்டு கைகளும் ஸ்டியரிங்கோடு கம்பியால் கட்டப்பட்டிருந்தன!

இன்ஸ்பெக்டர் மீராசா லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"மிஸ், கடல் ஆளக் கொண்டு போகும். கையக் கட்டிக் கொண்டு போகாது. அதோட சுனாமித் தண்ணி இவ்வளவு தூரம் வரவுமில்ல."

தங்கேஸ்வரி குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். வருடா வருடம் அவளே இன்ஷூரன்ஸ் போட்டுக் கொடுக்கிற கார்தான்.

கார் றுகையாவின் கணவர் அப்துல் ஸமட்டுடையது. அரிசி மில்லில் பாதிப் பங்காளி. டிசம்பர் இருபத்தைந்தில் பொத்துவிலுக்கு நெல் பார்க்கப் போனவர். மறுநாள் காலை கடல் வந்தது. பாலங்கள் போயின, டெலிபோன் போனது, ஊரில் பாதி போனது. றுகையா இரண்டு பெண்பிள்ளைகளோடு பள்ளிக்கூட முகாமில் கிடந்து ஐந்து நாள் வாசலையே பார்த்தாள்.

ஆறாம் நாள், டிசம்பர் முப்பத்தொன்று, மில்லின் மற்றப் பங்காளி ஷரிபுதீன் அழுதுகொண்டு வந்தார்.

'ஸமட் ஞாயித்துக்கிழமக் காலையே திரும்பிட்டான். காரோட அலைக்குள்ள போனத என்ட கண்ணால கண்ட.'

தலையில் அடிபட்டுச் சுயநினைவில்லாமல் கிடந்ததால்தான் சொல்லப் பிந்தியது என்றார். ஊர் நம்பியது. நாலு மாதம் பத்து நாள் றுகையா வெள்ளை உடுத்து, கணவன் இறந்தவள் மறுமணத்துக்கு முன் இருக்க வேண்டிய இத்தா இருந்தாள். காருக்கும் வீட்டுக்கும் கிளெயிம் போம் நிரப்பிக் கொடுத்ததும் ஷரிபுதீன்தான். ஐந்து வேளைத் தொழுகை தப்பாத மனிதர். பொம்பிளைப் பிள்ளைகளோடு தனியே கிடக்கிறாளே என்று பெண்ணும் கேட்டார். றுகையாவின் அண்ணன், அவளுடைய காக்கா, சம்மதித்துவிட்டார்.

நாளை மறுநாள், ஞாயிறு, நிக்காஹ்!

"இத ஒருக்காப் பாருங்க மிஸ்." மீராசா ஒரு பொட்டலத்தை நீட்டினார். மூன்று சொப்பிங் பேக், ஒன்றுக்குள் ஒன்று, ரப்பர் பான்ட் போட்டது. "டேஷ்போர்டுக்குள்ள இரிந்த."

உள்ளே வாகன இன்ஷூரன்ஸ் காட். மங்கியிருந்தாலும் வாசிக்க முடிந்தது.

அம்பாறைக் கிளை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி. திகதி...

தங்கேஸ்வரி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி வாசித்தாள்.

டிசம்பர் 30, 2004.

"சேர்... ஞாயித்துக்கிழம கடலோட போன மனிசன் வியாழக்கிழம எப்பிடி இன்ஷூரன்ஸ் எடுத்தவர்?"

"அதத்தான் நானும் கேக்கன். பழைய இன்ஷூரன்ஸ் என்ன?"

"காருக்கும் வீட்டுக்கும் புல் கவர். கடல் பெருக்கும் சேத்து. இருபத்தெட்டாந் திகதியோட முடிஞ்சிது."

"அப்ப கார் இருபத்தாறில போயிருந்தா காசு வரும். முப்பதில போயிருந்தா?"

"மூண்டாந் தரப்புத்தானே சேர். நாம இடிச்ச ஆளுக்குக் குடுப்பாங்க. நம்மட காருக்கு ஒரு சதமும் வராது."

மீராசா தலையாட்டினார். "கிளெயிம் போம்ல இருபத்தாறு எண்டு சைன் வெச்சது றுகையா. மில்லுலயும் அவவுக்குப் பங்கு வருது. புது மாப்பிள்ளயும் றெடி. மிஸ், ஜும்ஆத் தொழுக முடிஞ்ச கையோட நான் அந்தப் பொம்பிளயக் கூட்டிக்கிட்டுப் போறன்."

"அவள் ஒரு எறும்பையும் நசுக்க மாட்டாள் சேர்."

"கோட்டுல எறும்பக் கேக்கமாட்டாங்க."

ஜும்ஆவுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை. தங்கேஸ்வரி ரோட்டிலேயே நின்று அம்பாறைக் கிளைக்கு செல்போன் அடித்தாள். காட் எழுதிக் கொடுத்த கிளாக்கருக்கு அந்த ஆளை நன்றாக நினைவிருந்தது. அவர் சொன்னதைச் சுமந்துகொண்டு றுகையாவின் வீட்டுக்குப் போனாள்.

வீடு றுகையாவின் பெயரில். அந்தக் கரையில் வீடு எப்போதும் பெண்ணுக்குத்தான். முன் அறை கடலோடு போய், மிச்சம் இரண்டு அறையும் தகரக் கூரையும் இருந்தன.

"அம்பாறையில என்ன சொன்னாங்க அக்கா?" றுகையாவின் முகம் வீங்கியிருந்தது.

"மொனராகலப் பக்கத்தால சுத்தி வந்திருக்கார் புள்ள. செக் பொயின்ட்ல கார மறிச்சிட்டாங்க, இன்ஷூரன்ஸ் முடிஞ்சிட்டெண்டு. கந்தோருக்கு ஓடி வந்தவராம். புல் எண்டா கார் பாக்கணும், ஒரு நாள் செல்லும். மூண்டாந் தரப்பெண்டா அஞ்சி நிமிசம். எது வேணும் எண்டு கேட்டாங்களாம்."

"மறுகா?"

தங்கேஸ்வரி அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அஞ்சி நிமிச இன்ஷூரன்ஸத் தாங்க, என்ட பொஞ்சாதி புள்ளையள் உசிரோட இரிக்காகளா எண்டு இன்னும் தெரியா எண்டாராம்."

றுகையா நிலத்தில் குந்திவிட்டாள். வருடா வருடம் டிசம்பரில் ஒரு கிழமை முழுக்கப் பேரம் பேசி, கவர் கவராய் வாசித்து, வீட்டுக்கும் காருக்கும் புல்லாக எடுக்கிற மனிதன். அன்று ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கிறான். அவளுக்காக. அவள் வாய்விட்டு அழுதாள். தங்கேஸ்வரியும் அழுதாள், வெட்கப்படவில்லை.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"உன்ட காக்காவக் காணல்ல. நிக்காஹ்வுக்கு நிக்கல்லயா?"

"நேத்தே கட்டாருக்குப் போயிட்டார். லீவு முடிஞ்சி. இத்தா செவ்வாயோட முடியிது, புதன்கிழம நிக்காஹ்வ முடிச்சிட்டுப் போறன் எண்டு கெஞ்சின. இவர் மாட்டன் எண்டுட்டார்."

"ஷரிபுதீனா? நாள் எண்ணிக்கிட்டு நிண்ட மனிசனாச்சே."

"ஓம் அக்கா. எல்லாத்துக்கும் அவசரம், இதுக்கு மட்டும் ஞாயித்துக்கிழமதான் எண்டார். பள்ளி லெவ்வை சொல்லியும் கேக்கல்ல."

தங்கேஸ்வரி எழுந்து சுவரில் கிடந்த கலண்டரைப் பார்த்தாள். அதில் பிறைத் திகதியும் இருந்தது. தொடக்கத் திகதி, முடிவுத் திகதி... அவள் சோறு தின்பதே அதில்தான். விரல் வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"றுகையா, இத்தாவ எப்பிடிப் புள்ள எண்ணுறது? வடிவாச் சொல்லு."

மௌத்தான நாளிலிருந்து நாலு பிறை மாதமும் பத்து நாளும் என்று றுகையா சொன்னாள். தங்கேஸ்வரி மூன்றாம் தடவையும் எண்ணினாள். உடனே மீராசாவுக்கு செல்போன் அடித்து இரண்டே நிமிடம் கதைத்தாள். என்ன கதைத்தாள்? கொஞ்சம் பொறுங்கள்... ஜும்ஆ முடியட்டும்.

முடிந்தது.

தொப்பியும் அத்தர் வாசமுமாக ஷரிபுதீன் வந்தார். வாசலில் இன்ஸ்பெக்டரைக் கண்டதும் கண் கலங்கினார்.

"கேள்விப்பட்ட சேர். எந்தப் படுபாவி செஞ்சானோ."

"நீங்கதான் அலைக்குள்ள போறதக் கண்ட?"

"வெள்ளக் கார் ஒண்டு போனது சேர். அவன்ட எண்டுதான் நினச்ச. அந்த நேரம் யாருக்குப் புத்தி இரிந்த?"

நல்ல பதில். மீராசாவுக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அறை வாசல் திரைக்குப் பின்னால் றுகையா பேசினாள். குரல் தெளிவாக இருந்தது.

"உள்ளுக்கு இன்ஷூரன்ஸ் காட் ஒண்டு இரிந்ததாம். கடல் வந்த பிறகு எடுத்ததாம். திகதி அழிஞ்சி போச்சாம். அவர் எண்டைக்கி மௌத்தானார் எண்டு தெரியாம என்ட இத்தா முடிஞ்சதெண்டு எப்பிடிச் சொல்ற? இந்த நிக்காஹ் ஹறாமாப் போயிடும். எனக்கு வேணாம்."

ஷரிபுதீனின் முகம் மாறியது. நாலு மாதமாகக் காத்த காத்திருப்பு அது.

"றுகையா, பயப்படாத." குரலில் உண்மையான அன்பு இருந்தது. "இத்தாக்குள்ள நிக்காஹ் முடிக்கிற அளவுக்கு நான் ஈமானில்லாதவனா? நாளையோட சரியா முடியிது. அதுக்குத்தானே ஞாயித்துக்கிழம எண்டு ஒத்தக்கால்ல நிண்ட."

மீராசா எழுதுவதை நிறுத்தினார்.

"நாளையோடயா?"

"ஓம் சேர்."

"ஊரெல்லாம் செவ்வாயோட முடிஞ்சதெண்டுதானே எண்ணின? இருபத்தாறில மௌத்தான ஆளுக்கு அதுதான் கணக்கு. நாளையோட முடியணுமெண்டா ஆள் எண்டைக்கி மௌத்தாகியிரிக்கணும்?"

ஷரிபுதீன் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"நான் சொல்றன்," என்றாள் தங்கேஸ்வரி. "டிசம்பர் முப்பது. வியாழக்கிழம. இன்ஷூரன்ஸ் காட்ல இருக்கிற திகதியும் அதுதான். அது அழியல்ல. இந்த ஊர்ல இண்டைக்குக் காலம வரைக்கும் அந்தத் திகதி ஒருத்தருக்கும் தெரியாது. கொன்னவனத் தவிர."

எப்படி இருக்கிறது கதை! ஆளை அடித்துக் கொன்று ஆற்றில் தள்ளிய மனிதன், இத்தாவுக்குள் கை வைக்க மட்டும் பயந்திருக்கிறான்.

ஷரிபுதீன் படியில் இறங்கப் பார்த்தார். கீழே இரண்டு கொஸ்தாப்பல்கள் நின்றார்கள். அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"அண்டைக்கிப் பின்னேரம் அசறு நேரம் மில்லுக்கு வந்தான்." நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "மில்லும் இவளும் எனக்கெண்டு ஒரு நினைப்பு முந்தியே இரிந்த சேர். ஷைத்தான் ஏறிட்டான். பொஞ்சாதி புள்ளையள் எங்க எண்டு கேட்டான்..."

திரை விலகியது. றுகையா வெளியே வந்தாள்.

"நீ என்ன சொன்ன?"

ஷரிபுதீன் முகத்தைத் திருப்பினார்.

"சொல்லு. என்ன சொன்ன நீ?"

"மூணு பேரும் மௌத்தெண்டு சொன்ன... விழுந்து அழுதான். அப்பதான் அடிச்ச."

றுகையா அடிக்கவில்லை, ஏசவில்லை. "நாங்க உசிரோடதானே இரிந்தம்," என்றாள், யாரிடமோ. "அத அவருக்குச் சொல்லிப்போட்டாவது கொன்னிரிக்கலாமே."

ஜீப் போன பிறகு தங்கேஸ்வரியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அப்ப எனக்கு இன்னும் ஒரு நாள் மிச்சம் இரிக்கி. அவருக்கெண்டு இரிந்து முடிக்கன். புள்ளையளப் பாத்துக்கங்க."

வெள்ளை உடுத்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வெளியே மீராசா மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார்.

"கிளெயிம் என்னாகும் மிஸ்?"

"காருக்கு வராது சேர். வீட்டுக் கவர் அவட பேரில, கடல் வந்த நாள் செல்லுபடி. அத ஒருத்தராலயும் அசைக்கேலாது."

"நானும் இந்த வருசம் வீட்டுக்கு ஒண்டு எடுக்கணும். எது நல்லம்?"

"புல்லா எடுங்க சேர். கடலுக்கு, நெருப்புக்கு, கள்ளனுக்கு, கலவரத்துக்கு எல்லாத்துக்கும் கவர் இருக்கு." தங்கேஸ்வரி ஆட்டோவை மறித்தாள். "கூட்டாளிக்குக் கவர் குடுக்கத்தான் இன்னும் ஒரு கம்பனிக்கும் துணிவு வரல்ல."