விரலை மதிக்காத திரை

போன் அடித்தது.

ரைலி ஹுக்கனென் காபியைக் கீழே வைத்தாள். இன்றைக்காவது அது ஆறாமல் வயிற்றுக்குள் போகும் என்று நினைத்திருந்தாள். ஔலு நகரக் குற்றப்பிரிவில் அந்த ஆசை பலிப்பதில்லை.

துறைமுகத்தை ஒட்டிய சின்ன அலுவலகம். படிக்கட்டின் அடியில் ஒஸ்மோ ரவுத்தியோ கிடந்தான். மண்டையில் ரத்தம்... மூச்சு மட்டும் இழைந்துகொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் அவனை அள்ளிக்கொண்டு போயிற்று.

ஒஸ்மோவும் தூரே கல்லியோவும் கூட்டாளிகள். மடக்கினால் டேப்லெட், விரித்தால் லேப்டாப். அப்படியொரு மெஷினை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். கீலும் கீபோர்டும் ஒஸ்மோ பொறுப்பு. தொடுதிரை தூரேயின் பொறுப்பு.

தகவல் அறிந்து அலுவலகத்துக்கு ஓடிவந்த தூரே, தான் காலையில் வந்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டதாகச் சொன்னான். அப்போது ஒஸ்மோ நன்றாகத்தான் இருந்தானாம்.

“கடைசியா எப்படிப் பார்த்தீங்க?”

“மாடியில நின்னுக்கிட்டு புது மெஷின்ல படங்களைத் தள்ளித் தள்ளி பார்த்துக்கிட்டிருந்தான்.”

மேஜையில் ஒரு திரைப்பேனா கிடந்தது. ரைலி அதைக் காட்டினாள்.

“இதாலயா?”

“இல்ல. விரலால. சிரிச்சுக்கிட்டே.”

ரைலி தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெளியே பனியும் சேறுமாக நவம்பர் வழிந்துகொண்டிருந்தது.

ஒஸ்மோவின் மனைவி ஹில்க்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கூட்டாளிகளுக்குள் சில மாதங்களாகவே சண்டை என்றாள். கீபோர்டே வேண்டாம், தொட்டால் போதும் என்பது தூரேயின் கட்சி. ஒஸ்மோ மசியவில்லை.

“ஏன் அவ்வளவு பிடிவாதம்?”



“அவரு விரலை எந்தத் திரையும் கண்டுக்காதுங்க. பட்டறையில ரசாயனத்துல ஊறி ஊறி நுனித்தோல் மரக்கட்டையாயிடுச்சு. போனைக்கூட பேனாவாலதான் தட்டுவாரு.”

“தூரேக்கு தெரியுமா?”

“சொல்ல வெட்கம். தொடுதிரை விக்கிறவன் விரலை திரையே மதிக்கலைன்னா ஊரு சிரிக்கும்பாரு.”

ரைலி எழுந்தாள். முழங்கால் வலித்தது. கேஸ் முடிந்துவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

ஸ்டேஷனில், ஹில்க்கா சொன்னதை அப்படியே தூரேயிடம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பும் இல்லை.



தூரே எல்லாவற்றையும் சொன்னான். மாடிப்படி உச்சியில் வாக்குவாதம். ஆத்திரத்தில் ஒரு தள்ளு. ஒஸ்மோ உருண்டு விழுந்து அசையாமல் கிடந்ததைப் பார்த்ததும் பயந்து ஓடியது.

“அவன் ஏன் எங்கிட்ட சொல்லல?” மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டான். “அவன் விரலுக்கு ஏத்த மாதிரி திரையைப் பழக்கியிருப்பேனே... அது என் வேலைதானே...”

ரைலி டிஷ்யூ பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். பெட்டி காலி.

சில நாள் கழித்து ஒஸ்மோ கண் விழித்தான்.

வாக்குமூலம் வாங்க ரைலி போனாள். தூரே எங்கே என்றுதான் அவன் முதலில் கேட்டான். உள்ளே இருப்பதாகச் சொன்னாள். கட்டுக்குள்ளிருந்த கண்கள் மூடித் திறந்தன.

“என்னை யாரும் தள்ளல. நானே வழுக்கி விழுந்தேன். எழுதிக்குங்க.”

ரைலி பெருமூச்சு விட்டாள்.

“தூரே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான், ஒஸ்மோ. நான்தான் தள்ளினேன்னு கையெழுத்தே போட்டாச்சு.”

ஒஸ்மோ சிரிக்கப் பார்த்தான். வலித்தது.

“அவன் எப்பவுமே இப்படித்தாங்க... நான் செஞ்சதை எல்லாம் தான் செஞ்சதா சொல்லிக்குவான்.”