ஒரு கனெக்‌ஷன் மட்டும்

எல்லா வார்டுகளும் கம்ப்யூட்டரை மூடிவிட்டோம் என்று போனில் சொல்லி முடித்த பிறகும், திரையில் ஒரு கனெக்‌ஷன் மட்டும் போகாமல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணி. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அந்த அறையில், ஏசியின் சீரான இரைச்சலோடு சூடேறிய தூசியின் வாடையும் வராந்தாவைக் கழுவிவிட்ட பினாயில் நெடியும் கலந்து அவள் தொண்டையில் கசந்துகொண்டிருந்தன. பதினோரு வருஷமாக ஓடிய பழைய டேட்டாபேஸை நிறுத்திப் புது வெர்ஷனுக்கு மாற்றுவது அன்றைக்கு அவள் வேலை. நோயாளிகளின் பெயர், மருந்து, வந்த நேரம், போன நேரம் எல்லாம் அதில்தான். மாற்றும்போது உள்ளே ஒருவர்கூட இருக்கக் கூடாது. சீக்கிரம் முடித்தால் மூன்றாம் மாடிக்குப் போய்த் தம்பியைப் பார்க்கலாம். காலில் ஆபரேஷன் ஆகி ஐந்து நாள். இன்னும் ஊன்றக் கூடாது.

கனெக்‌ஷன் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். பழைய பிரசவ வார்டு. அதை மூடி ஆறு வருஷம் ஆகிறது. காவலாளிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அங்க யாராவது கம்ப்யூட்டர ஆன் பண்ணி வச்சிருக்காங்களான்னு கொஞ்சம் பாருங்களேன்."

சாவிக்கொத்தின் குலுங்கல், படியேறும் மூச்சு, துருப்பிடித்த கதவின் முனகல் எல்லாம் போன் வழியாகவே கேட்டன.

"கம்ப்யூட்டரே இல்லம்மா. உடைஞ்ச கட்டிலுங்கதான் கெடக்கு." டார்ச்சின் சொடுக்குச் சத்தம் கேட்டது. "தூசி மேல காலடி இருக்கு. பெருசு பெருசா. எல்லாம் உள்ளேருந்து வெளிய போனது. உள்ள வந்ததுதான் காணோம்."

"அண்ணே?"

"நான் பூட்டிட்டுக் கீழ போறேன்மா."

அவள் கனெக்‌ஷனை வெட்டினாள். மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்தது. மறுபடி வெட்டினாள். மறுபடி வந்தது. அது ஒரே ஒரு நோயாளியின் பதிவைப் பிடித்துக்கொண்டு, அதில் எதையோ எழுதப் பார்த்தது. வெட்டும்போதெல்லாம் எழுதியது அழிந்தது. உடனே முதலிலிருந்து தொடங்கியது.

யாருடைய பதிவு?

மூன்றாம் மாடி. பத்தாம் கட்டில். தம்பி.

அது எழுதப் பார்த்த இடம், 'போன நேரம்'.

மேனேஜருக்குப் போன் செய்தபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அவர் கொட்டாவி விட்டார். "சர்வரையே நிறுத்தும்மா. புதுசுல ஒரே நேரத்துல எத்தனை பேர் வேணா வரலாம், பிரச்சினையே இருக்காது. இதுக்குப் போய் என் தூக்கத்தைக் கெடுக்கறியே!"

நிறுத்தினாள். ஐம்பது நிமிஷம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புது வெர்ஷன் எழுந்தது. கனெக்‌ஷன் ஒன்றுகூட இல்லை. தம்பியின் பதிவில் போன நேரம் வெறுமையாகவே இருந்தது. கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பைத்தியக்காரி, என்று தன்னையே திட்டிச் சிரித்தாள்.

வார்டுகளுக்கு அதை அவள் இன்னும் திறந்துவிடவில்லை.

ஒரு கனெக்‌ஷன் வந்தது.

பிறகு பத்தொன்பது. ஒரே நொடியில்.

மூன்றாம் மாடியின் அத்தனை கட்டில்களும். வெட்டினாள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை. திரும்ப அழுத்தினாள். அனுமதி இல்லை. விரல் வலிக்க வலிக்க அழுத்தினாள். அனுமதி இல்லை.

பத்தொன்பதும் ஒன்றாகப் போய்விட்டன. வேலையை முடித்துவிட்டு.

பத்தொன்பது பதிவுகளிலும் போன நேரம் நாலு நாற்பது.

இப்போது நாலு முப்பத்தேழு.

மூன்றாம் மாடி வார்டுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினாள். முதல் மாடி. செருப்பு நழுவியது. இரண்டாம் மாடி. மேலே சத்தமே இல்லை. பேச்சு இல்லை. இருமல் இல்லை.

கதவைத் தள்ளினாள்.

கட்டில்கள் காலியாக இருந்தன. பத்தொன்பது பேரும் நடுவழியில் வரிசையாக நின்றிருந்தார்கள், வாசலைப் பார்த்தபடி. நடக்கவே முடியாதவர்களும். டிரிப்ஸ் குழாய்கள் தரையில் கிடந்து ஒழுகின. ஓரத்தில் நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பி, இரு காதுகளையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள்.

"டேய்! காலை ஊனாதடா!"

தம்பி அவளைப் பார்த்துச் சிரித்தான். சின்ன வயசுச் சிரிப்பு. "வீட்டுக்குப் போலாம்னு சொல்றாங்கக்கா."

"யாருடா?"

அவன் மேலே பார்த்தான்.

பத்தொன்பது பேரின் வலது கையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தது, மிக உயரமான யாரோ ஒவ்வொருவர் கையையும் பிடித்திருப்பதைப் போல. விரல்கள் வெறுங்காற்றை இறுகப் பற்றியிருந்தன.

எல்லோரும் ஒரே நேரத்தில் முதல் அடியை எடுத்து வைத்தார்கள்.