பேய்க்கரட்டு உண்ணிக் காய்ச்சல்

“குகைக்குள்ள படுக்காதீங்க! புழுதி முழுக்க உண்ணி! கடிச்சா வலிக்காது, காய்ச்சல்தான் வரும். வெளியே பாறையில படுங்க!”

பேய்க்கரட்டுக் குன்றின் உச்சியில் ஆடு மேய்த்தவர் தொண்டை கிழியக் கத்தினார். பயணத் தலைவர் ஜம்புலிங்கம் சிரித்தார். “புதையல் பக்கம் நம்மள விடாம இருக்கக் கதை கட்டுறான்யா!”

மூன்று வாரம் குகைப் புழுதியிலேயே படுத்தார்கள், தோண்டினார்கள். பத்தாம் நாள் குழுவில் இளையவனான வேந்தனுக்கு அனலாய்க் காய்ச்சல். மூன்றே நாளில் தானாக இறங்கியது. “என் கஷாயம்!” என்று மீசையை முறுக்கினார் ஜம்புலிங்கம்.

கூடவே வந்திருந்த வேந்தனின் அக்கா மாசிலா நம்பவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள்.

தேடி வந்த ஐந்து ஐம்பொன் சிலைகளும் கிடைத்த அன்றே காய்ச்சல் திரும்பியது, முன்னைவிட மூர்க்கமாக! மாசிலா தம்பியின் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் கையடக்க நுண்ணோக்கியில் வைத்தாள். திருகாணி போன்ற மெல்லிய கிருமிகள் நெளிந்து துள்ளின.

“உண்ணிக் காய்ச்சலேதான்! விட்டு விட்டு வரும். இவன் உடம்பு இன்னொரு தடவை தாங்காது, அண்ணே!”

எலிக்காய்ச்சலுக்காகக் கொண்டுவந்த டாக்சிசைக்ளின் மாத்திரையைக் கொடுத்தாள். இரண்டு மணி நேரத்தில் வேந்தனின் உடல் தூக்கிப் போட்டது. பற்கள் கிடுகிடுத்தன.

ஜம்புலிங்கம் பாய்ந்து மாத்திரை டப்பாவைப் பறித்தார். “விஷமா கொடுத்தே? சர்க்கார் வெகுமதியில தம்பி பங்கையும் நீயே அமுக்கவா? அடுத்தது எனக்கா?”

“கிருமி மொத்தமா சாகும்போது முதல் தடவை இப்படித்தான் உதறும்! டப்பாவைக் கொடுங்க!”

“கொடுக்கிறேன், பள்ளத்துக்கு!” விளிம்பில் கையை ஓங்கினார்.

மாசிலா சிலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு எதிர் விளிம்புக்கு ஓடினாள். “வீசுங்க பார்ப்போம்! பின்னாலயே இது போகும்!”

“உனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது, லேப் அம்மா!”

அவள் மூட்டையை அவிழ்த்தாள். ஒரு சிலையை எடுத்துப் பள்ளத்தில் நழுவ விட்டாள். ணங்... ணங்... என்று பாறைகளில் மோதி அது மறைந்தது.

“அடிப்பாவி! நிறுத்து! இந்தா!”

டப்பா மண்ணில் உருண்டு வந்தது. தம்பியைப் போர்வையால் சுற்றி, சொட்டுச் சொட்டாக உப்பு கலந்த நீர் புகட்டினாள். பிற்பகலில் அவன் நெற்றி வியர்த்தது. “அக்கா, பசிக்குது” என்றான். மாசிலாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுநாள் காலை ஜம்புலிங்கம் எழவில்லை. கண்கள் சிவந்து, உடல் கொதித்தது. அவரும் அதே புழுதியில் படுத்தவர்தானே!

“ஏம்மா... ஒண்ணு கொடேன்.”

“விஷமாச்சே, அண்ணே?”

“வாயை மூடிக்கிட்டுக் கொடும்மா!”

கொடுத்தாள். அவரும் உதறினார், அவரும் வியர்த்தார்.

நான்காம் நாள் மூவரும் மலையிறங்கினார்கள். தேட அனுமதி தந்திருந்த தாலுகா அலுவலகத்தில் நான்கு சிலைகளை ஒப்படைத்தபோது, ஐந்தாவது எங்கே என்று தாசில்தார் கேட்டார்.

ஜம்புலிங்கம் தலையைச் சொறிந்தார். “பள்ளத்துல போயிடுச்சு. இந்தப் பொண்ணை ஏசாதீங்க சார். நான் அந்த ஆட்டுக்காரர் பேச்சைக் கேட்டிருந்தா அதுவும் இங்கே இருந்திருக்கும்.”