இணைத்தோள்

விளக்கு வைக்கும் நேரம்தான் பிலோமிக்கு ஒதுக்கப்பட்ட பயிற்சி நேரம். வலது கை விரல்களைச் சுவரில் ஏற்றினாள். தோள் மட்டம் வந்ததும் எலும்புக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி, கை மேலே நகரவில்லை.

கட்டிலில் கிடந்த சேவியர் குழறலாகக் கேட்டார். “இன்னைக்கும் அம்புட்டுதானா?”

“நான் என்ன செய்ய? அவ ஏறல.”

அந்த ‘அவ’ யாரென்று இருவருக்குமே தெரியாது.

பிலோமிக்கு வைத்ததுபோல் தோளில் உலோக மூட்டு வைக்க, முன்பக்கத் தசைநாணை விலக்கியாக வேண்டும். நாணைக் குறுக்கே வெட்டிப் பிறகு தைப்பது ஒரு முறை. நாண் ஒட்டிய எலும்பைச் சில்லாகப் பெயர்த்துப் பிறகு கட்டுவது மற்றொரு முறை. எது மேல் என்று மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒப்பீட்டுச் சட்டம் வந்து, தனியாக யாருக்கும் அறுவை கிடையாது என்று ஆயிற்று. ஒரே வயது, ஒரே எலும்புவாகு உள்ள இருவரை இணை சேர்த்து ஆளுக்கொரு முறை செய்வார்கள். யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். ஒருத்தி மாடாக உழைத்து மற்றவள் சும்மா கிடந்தால் கணக்கு கெட்டுவிடுமாம். அதற்காக மூட்டுக்குள் இணைப்பூட்டு என்று ஒரு கருவி. இருவர் தோளும் பழுதில்லாதவரை தோள் மட்டம்வரை கை வரும்; அதற்கு மேல் ஒருத்தி எட்டாத உயரத்துக்கு மற்றவளின் கை போகாது. நியாயத்தை இதற்கு மேல் யார்தான் செய்ய முடியும்!

முகம் தெரியாத அந்தச் சோம்பேறியைப் பிலோமி தினமும் திட்டினாள். அவள் செத்தால் பூட்டு திறக்குமோ என்றுகூட ஒருநாள் நினைத்து, பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கவாதம் வந்த சேவியரைப் புரட்டிப் படுக்க வைக்க அவளை விட்டால் ஆளில்லை. தோளுக்கு மேல் கை போகாதவர்கள் வீட்டில் நோயாளியை வைத்திருக்கக்கூடாது என்று வார்டு அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த பரிசோதனையிலும் கை ஏறாவிட்டால் சேவியரைப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

ஒப்பீட்டு நிலையத்தில் இணைகள் சந்திக்காதபடி நாள் பிரித்துத்தான் வரச் சொல்வார்கள். முந்தின நாள் பெய்த மழையில் பஸ்கள் நின்றுபோனதால், அன்று வரவேண்டியவர்களும் பிலோமியின் நாளில் சேர்ந்து வந்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்கு மேல் தட்டில் டம்ளர்கள் இருந்தன. பழக்கத்தில் பிலோமி வலது கையை நீட்டினாள். பக்கத்தில் நரைத்த கூந்தலை அள்ளிச் சொருகிய ஒருத்தியும் அதே நேரம் நீட்டினாள். தோளுக்குள் பூட்டு நெகிழ்ந்தது. இரண்டு கைகளும் மட்டத்தைத் தாண்டி ஒரு சாண் ஏறின.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“நீங்கதானா?” என்றாள் பிலோமி.

“நாந்தான், பேச்சியம்மா. உனக்குக் கை வரலன்னுல்ல நான் நெனச்சேன்!”

“நான் உங்களுக்கு வரலன்னு நெனச்சு வையாத நாளில்லக்கா. எனக்குச் சாயங்காலம் பயிற்சி.”

“எனக்குக் காலையில. அதான் சங்கதி! ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஏத்துனாத்தான் பூட்டு விடும்போல. நீ ஏறட்டும்னு நானும், நான் ஏறட்டும்னு நீயும்.” பேச்சியம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். “படிச்ச மூளைக்கு இது எட்டல பாரு.”

துணி மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிலோமி சேவியரைப் பற்றிச் சொன்னாள். பேச்சியம்மாவுக்குத் தன் தலையைத் தானே பின்னிக்கொண்டால் போதும். சுவரைப் பார்த்து நின்று, “ம்” என்று சொல்லி இருவரும் விரல்களை ஏற்றினார்கள். தோள் மட்டம் தாண்டியது. காது தாண்டியது.

பேச்சியம்மா நின்றாள். “உள்ளுக்குள்ள சுள்ளுன்னு இழுக்குது தங்கச்சி.”

பிலோமிக்கு எதுவும் இழுக்கவில்லை. தன்னுடையது எலும்போடு பெயர்த்துக் கட்டியது, அவளுடையது வெட்டித் தைத்தது என்று அந்தக் கணமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கண்முன் கட்டில் வந்தது.

“எனக்கும்தான் இழுக்குதுக்கா. கொஞ்சம் தாங்கிக்கோங்க, இன்னும் ஒரு சாண்தான்.”

பேச்சியம்மா நம்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். ஈரத்துணி கிழிவதுபோல் ஏதோ கேட்டது. அவள் அலறிக்கொண்டு தரையில் சாய்ந்தாள். அடுத்த கணம் பிலோமியின் நல்ல கையும், யாரோ பிடித்து இழுத்தமாதிரி வயிற்று மட்டத்துக்கு இறங்கிப் பூட்டிக்கொண்டது.

அந்த ஆண்டின் அறிக்கையில் இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் இல்லை என்று போட்டார்கள். எல்லா இணைகளும் சமமாகவே இருந்தார்களாம்.

சேவியரைப் பராமரிப்பு இல்லத்து வண்டியில் ஏற்றியபோது, பிலோமியால் இடது கையைக்கொண்டுதான் அவர் சட்டையை இழுத்துவிட முடிந்தது. “அழாத, வந்துருவேன்” என்றார் அவர். அவர் வரப்போவதில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, விளக்கு வைக்கும் நேரத்தில் பிலோமி சுவரில் விரல் வைத்தாள். கை ஏறாதென்று தெரிந்தும், விட்டால் இன்னும் இறங்கிவிடுமோ என்ற பயம். ‘டக்.’ நின்றது. பிறகு பூட்டு மெல்ல நெகிழ்ந்தது. அரை விரல் ஏறியது. மறுபடி விழுந்தது. மறுபடி நெகிழ்ந்தது.

பேச்சியம்மாவின் பயிற்சி காலையில். இது பிலோமியின் நேரம். எங்கோ ஒரு வீட்டில், கிழிந்த தோளை வைத்துக்கொண்டு அவள் இவளுக்காக ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

“போதும்க்கா,” என்று பிலோமி சுவரைப் பார்த்துக் கதறினாள். “எனக்கு இழுக்கவேயில்லக்கா. கையக் கீழ போடுங்க.”

பூட்டு இன்னொருமுறை நெகிழ்ந்தது.