பச்சைக் கதவு வீட்டில் எத்தனை பேர்?

பச்சைக் கதவு வீட்டுக்குக் கணக்கெடுப்பு அக்கா இரண்டாம் முறை வந்தபோது பட்டப்பகல். வீட்டுக்கு எத்தனை பேர் என்று தெருத்தெருவாகக் கேட்டுப் பதிவதுதான் அவள் வேலை. கையில் ‘டப்பா’ இருந்தது. பெரிய பேரேட்டுக்குப் பதிலாக அலுவலகம் அந்த வருஷம் கொடுத்த குட்டி இன்டர்நெட் கருவிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது. பேப்பர் காலத்தில் பென்சிலால் எழுதி, தப்பென்றால் அழித்துக்கொள்ளலாம். டப்பாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ‘அனுப்பு’ மேல் விரல் பட்ட மறுநொடி தலைமையகத்துக்குப் போய்விடும்.

போன மாதம் அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நேரமாகியிருந்தது. அவசரமாக இந்தக் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்தும் யாரோ தட்டினார்கள். மெதுவாக, மூன்று முறை. யாரோ எங்கோ ஆணி அடிக்கிறார்கள் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, ‘வீட்டில் யாருமில்லை’ என்று அழுத்திவிட்டு ஓடினாள்.

எட்டு நாள் கழித்து, கதவுக்குப் பின்னால் விழுந்து கிடந்த பெண்மணியைத் தூக்கிப் போனார்கள். தனிக்கட்டை. விழுந்தவுடனே உயிர் போகவில்லையாம். அதைக் கேட்ட பிறகும், அன்று உள்ளேயிருந்து தட்டல் கேட்டதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

“மறுகணக்குதாம்மா. இப்பத்தான் ஆளே இல்லையே, பூஜ்யம்னு போட்டு அனுப்பிடுங்க” என்று மேற்பார்வையாளர் போனில் சொல்லியிருந்தார்.

கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே ஈர வாடை. கதவின் உட்புறம், முழங்கால் உயரத்தில், பச்சை வண்ணம் உரிந்திருந்தது.

இங்கேதான் தட்டியிருக்கிறாள்.

அக்கா 0 போட்டாள்.

அது 1 ஆனது.

மறுபடி 0.

மறுபடி 1.

“தப்புதான்... என்னை மன்னிச்சிடுங்க” என்று கிசுகிசுத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எண் 0 ஆகி நின்றது. அப்பாடா என்று அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றுதான் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். தன் வீட்டுக் கணக்கைக் கடைசியில் போடலாமென்று வைத்திருந்தாள். முகம் கழுவிவிட்டு வந்தால், மகள் மடியில் டப்பா.

“அதை எதுக்குடி எடுத்தே?”

“நம்ம வீட்டுக் கணக்கை நானே போட்டுட்டேன்மா. மூணு பேர்.”

“மூணா? நாம ரெண்டு பேர்தானேடி!”

“உன்கூட வந்தாங்களே, அந்தப் பெரியம்மா? போன தடவை கூப்பிடக் கூப்பிடப் போயிட்டியாமே. பாவம்மா. இனிமே என்கூடவே இருக்காங்களாம்.”

அக்கா டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தாள்.

‘நபர்கள்: 3. அனுப்பப்பட்டது. இனித் திருத்த இயலாது.’

மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். மெதுவாக, மூன்று முறை.

“இதோ திறக்கிறேன் பெரியம்மா!” என்று மகள் எழுந்து ஓடினாள்.